பிழையென்று நீக்கிய பதினோரு வரிகள்

2019 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை 6.40
எண்ணிக்கை: 68

அக்கா,

ஆஸ்பத்திரியில் வாங்கி நீ அனுப்பிய பிரின்ட் கட்டு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. எட்டு மணிக்கு எனக்கு ஷிப்ட். அதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். 2016 மார்ச் 5 அன்று டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து அறுபத்தெட்டு முறை அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறாய். சராசரியாகப் பதினாறு நாளுக்கு ஒரு முறை. நான் இங்கே முடிவெட்டிக்கொள்வதைவிட அதிகம்.

ஒரு பம்ப்பின் ரிப்பேர் பதிவேட்டைப் படிப்பதுபோலத்தான் படித்தேன். கோபப்படாதே, கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிறவனுக்கு வேறென்ன படிக்கத் தெரியும்? நுரையீரல் இரண்டும் கைவிட்டு, இருபத்திரண்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்தவள் நீ. அதனால் பாதிக்குப் பாதியாவது நுரையீரல் டாக்டரிடம் போயிருப்பாய் என்று நினைத்தேன். ஒன்பது. வெறும் ஒன்பது! அதிலும் கடைசி மூன்று முறை 'இயல்பு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

மிச்சம்: கால் பயிற்சி 10, கைப் பயிற்சி 5, தொண்டை 6, தூக்கம் 4, மூளை நரம்பு 3, இதயம் 2, கண் 2, வயிறு 1, அவசரப் பிரிவு 1. மனநல மருத்துவர் 14.

கெட்டுப்போன பாகம் சரியாகிவிட்டது. எந்திரம் மட்டும் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இது புரியவில்லை. புரியாதது எதுவாக இருந்தாலும் எனக்கு அரிக்கும், உனக்கே தெரியும்.

ஏப்ரல் 9 அன்று உன் பஸ் கம்பெனியின் மருத்துவக் குழு இதையேதான் கேட்கப்போகிறது. 'நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் எதுக்கும்மா இத்தனை தடவை போனீங்க?' அதற்கு ஒரு பக்கத்தில் பதில் இருந்தால் ஸ்டீயரிங்கை உன் கையில் திரும்பக் கொடுப்பார்கள். இல்லையென்றால் டிக்கெட் கவுன்டர்தான். அந்த ஒரு பக்கத்தைத்தான் நீ என்னிடம் கேட்டாய். செய்து தருகிறேன். ஒவ்வொரு தலைப்புக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பு.

பதினோரு வரிகளில் தேதி மட்டும் இருக்கிறது. எந்தப் பிரிவு, எந்த டாக்டர் என்று ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் பிழை. நீக்கிவிட்டேன். ஆக, 57.

தம்பி

*

மார்ச் 16, சனி

டேய் ஸ்பேனர்,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். 'நல்ல பையன், என்ன, பாசத்தையும் ப்ரெஷர் மீட்டர் வச்சுத்தான் பார்ப்பான்' என்றார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வந்து நின்றதால் தப்பித்தாய், இன்னும் சொல்லியிருப்பார்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைக்காதே. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து எடுத்ததிலிருந்து நாலு வாக்கியம் பேசினால் ஐந்தாவது விசிலாக வருகிறது. தவிர, தினம் ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லி விரல் பயிற்சிக்காரி உத்தரவு. உனக்கு எழுதினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நீ கேட்ட காரணங்கள். கால்: ஏழு வாரம் படுத்தே கிடந்ததில் தொடை கோழிக்கால் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் கழிப்பறையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் அத்தானைக் கூப்பிட்டேன். கூப்பிடக் குரலும் இல்லை, வாளியைத் தட்டினேன். கை: சட்டைப் பித்தான் போட வரவில்லை. இதயம்: மாடிப்படியில் படபடவென்று அடித்தது, பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, பயம் என்றார்கள். அவசரப் பிரிவு: வெறும் ஜலதோஷம். மூக்கடைத்ததும் மறுபடி வென்டிலேட்டர்தான் என்று நினைத்து ஓடினேன். வயிறு: உன் அத்தான் சமையல்.

நுரையீரல் ஒரு நாளில் கைவிட்டது தம்பி. மற்றதெல்லாம் அதற்குத் துணைக்குப் போய் இன்னும் வீடு திரும்பவில்லை. இதைத்தான் குழுவுக்கு எழுத வேண்டும். நீ அழகாக எழுது.

இப்போது அந்தப் பதினொன்று. அதைத் திரும்பச் சேர். அது கம்ப்யூட்டர் பிழை இல்லை, நான்தான்.

நான்காவது மாடிக்குப் போனேன், ஐசியுவுக்கு. வரவேற்பில் இருக்கிற பெண், 'எந்தப் பிரிவு மேடம்?' என்பாள். 'பார்க்க வந்தேன்.' 'யாரை?' என்னையே என்று சொல்ல முடியுமா? அவள் என் ஆஸ்பத்திரி அட்டை எண்ணை மட்டும் பதிந்து, பிரிவைக் காலியாக விட்டு உள்ளே அனுப்பிவிடுவாள்.

எனக்கு அந்த இருபத்திரண்டு நாளில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். ஞாபகம் இருக்கிறது, ஆனால் எல்லாம் கோணல். நான் ஒரு கப்பலில் கிடந்தேன். எதிர்க் கட்டிலுக்கு அடியில் ஆடு கட்டியிருந்தது. ஒருத்தி தினமும் என் காதுக்குள் பல்லி விட்டாள். இதையெல்லாம் சொன்னால் டாக்டர்கள் தலையாட்டுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள். மேலே இருக்கிற பெரிய சிஸ்டர் மட்டும் சிரித்துவிட்டு, 'வாங்க, உங்க கட்டிலையே காட்டுறேன்' என்றார்.

கப்பல் என்பது காற்று மெத்தை. புண் வராமல் இருக்க மாறி மாறி ஊதி இறங்கும், கீழே மோட்டார் உறுமும். ஆடு என்பது எதிர்க் கட்டில்காரருக்குச் சளி உறிஞ்சும் குழாயின் சத்தம். பல்லி, காதில் வைக்கிற தெர்மாமீட்டர்! ஒவ்வொரு தடவையும் ஒரு கோணலை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நிஜம் இருந்தது. எனக்குக் கொள்ளை ஆச்சரியம். உனக்கு மட்டும்தான் அரிக்கும் என்று நினைத்தாயா?

ஒன்றுக்கு மட்டும் இன்னும் நிஜம் கிடைக்கவில்லை. என் கால்மாட்டில் நீ நிற்கிறாய். மெஷினை நிறுத்திவிடலாம் என்று சொல்கிறாய்.

அத்தானைக் கேட்டேன், 'கனவு கண்டிருப்பே' என்றார். பெரிய சிஸ்டரைக் கேட்டேன். 'குடும்பம் பேசினதை நான் சொல்லக்கூடாதும்மா, உங்க ஆளுங்களையே கேளுங்க' என்றார். மனநல டாக்டர் என் ஃபைலில், 'தம்பியைப் பற்றிய பிரமை நீடிக்கிறது' என்று எழுதியிருக்கிறார். அந்த வரி குழுவிடம் இருக்கிறது. நடக்காததை நடந்ததாக நம்புகிற பெண்ணை நம்பி ஐம்பது பேரை ஏற்றிவிடுவார்களா? நானே ஏற்ற மாட்டேன்.

அதனால் நேரடியாகக் கேட்கிறேன். சொன்னாயா?

அக்கா

*

மார்ச் 21, வியாழன்

அக்கா,

பதினொன்றைச் சேர்த்துவிட்டேன். மறுபடி 68.

நீ கேட்டதைப் பற்றி. அவ்வளவு மயக்க மருந்தில் இருக்கிற மூளையில் எதுவும் ஒழுங்காகப் பதியாது. படித்துப் பார்த்தேன், உன்னைப் போலத் தப்பி வந்தவர்களில் நிறைய பேருக்கு இந்த மாதிரி ஞாபகங்கள் வருமாம். சொந்தக்காரர்கள் கொல்லப் பார்த்ததாகக்கூட வருமாம். ஆகவே உனக்கு வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

குழுவுக்கு 'முன்பு இருந்தது, இப்போது இல்லை' என்று எழுதிவிடலாம். அவர்களுக்கு வேண்டியது அதுதான். நீயும் அப்படியே சொல்லிவிடு. வேலை முடிந்தது.

என்ன பார்த்தாய் என்று சரியாக எழுது. நான் என்ன போட்டிருந்தேன்? எந்த நாள்? பகலா? வேறு யார் இருந்தார்கள்? பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதையும் சரிபார்க்க முடியாது.

இங்கே நிலையத்தில் உப்பை வடிகட்டும் மூன்றாம் வரிசைச் சவ்வு அடைத்துக்கொண்டுவிட்டது. காலையிலிருந்து அதே வேலை. அதனால்தான் சின்னக் கடிதம்.

தம்பி

*

மார்ச் 26, செவ்வாய்

டேய்,

ஆமாம் இல்லை என்று ஒரு சொல் கேட்டேன். நீ நாலு கேள்வி திருப்பி அனுப்பியிருக்கிறாய். எங்கள் டிப்போவில் இதற்கு ரிவர்ஸ் கியர் என்று பெயர்.

சரி, கேட்டாய், எழுதுகிறேன். எந்த நாள் என்று தெரியாது. வெளிச்சம் இடது பக்கமிருந்து வந்தது. காலையில்தான் அப்படி வரும் என்று பெரிய சிஸ்டர் சொன்னார், அதை நானும் நேரில் நின்று பார்த்தேன். உன் கழுத்தில் வேலையிடத்து அட்டை, படம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கையில் மடித்த தாள், அதில் பென்சிலால் ஒரு கோடு, இறங்குகிற கோடு. நீ தாளைப் பார்த்துக்கொண்டே, 'இதுக்கு மேல இழுக்கிறதுல அர்த்தமில்ல அத்தான், நிறுத்திடலாம்' என்றாய். அத்தான் குரல் மட்டும் கேட்டது. 'நாலு நாள் பார்க்கலாம்டா. நாலே நாள்.' நீ, 'நாலு நாள்ல என்ன மாறிடப்போகுது?' என்றாய். அப்புறம் கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது.

ஆடு 'மே' என்றுதான் கத்தியது. பல்லி பேசவே இல்லை. நீ மட்டும் முழு வாக்கியம் பேசினாய்.

'இப்போது இல்லை என்று சொல்லிவிடு' என்கிறாயே, அதையும் சொல்லத்தான் அந்த டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். சொல்லவும் சொன்னேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், நடக்காததைப் பார்க்கிற மூளை ஒன்று என் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிக்னலில் சிவப்பைப் பார்த்தால் அது சிவப்புதானா என்று எப்படி நம்புவேன்? அந்தப் பயத்தில்தான் மூளையை ஸ்கேன் எடுத்தேன், கண்ணைச் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நன்றாக இருந்தால் நீ ஏன் என் கால்மாட்டில் நிற்கிறாய்?

சண்டைக்கு வரவில்லை. நீ அன்று சொல்லவில்லை என்றால் சத்தியமாக எழுது, கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன். சொன்னாய் என்றால் அதையும் எழுது. எனக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

9ஆம் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. தபாலுக்கு ஐந்து நாள்.

அக்கா

*

மார்ச் 31, ஞாயிறு, பகல் 2.15

அக்கா,

சொன்னேன்.

2016 பிப்ரவரி 2, செவ்வாய், காலை பத்தேகாலுக்கு. நீ வென்டிலேட்டருக்குப் போன பதினாறாம் நாள். தினமும் காலையில் கொஞ்ச நேரம் மயக்க மருந்தைக் குறைத்து, விழிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த நேரம்தான் அது. உனக்குக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காது என்பதற்காகத்தான் அங்கேயே நின்று பேசினேன் என்றுகூட இப்போது படுகிறது.

நீ எழுதிய வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் சரி.

தாளில் இருந்தது உன் ஆக்சிஜன் கணக்கு. நர்ஸின் பலகையிலிருந்து ஒன்பது நாளாக நான் எழுதிவைத்தது. கோடு இறங்கிக்கொண்டே வந்தது. சிறுநீரகமும் நின்றிருந்தது. இந்த நிலையில் பத்தில் எட்டு பேர் பிழைப்பதில்லை என்று எங்கோ ஓர் அட்டவணையில் படித்திருந்தேன். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டார். அத்தான் உன்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் நிலையத்தில் ஒரு சவ்வின் கோடு அப்படி இறங்கினால் கழற்றிவிடுவோம். கழற்றினால் தவறில்லை, வேறு சவ்வு இருக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு அன்று உறைக்கவில்லை. எட்டு பேரைப் பார்த்தேன், மிச்ச இரண்டு பேர் யார் என்று கேட்கவில்லை.

அத்தான் நாலு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கோடு ஏறியது.

நீ முதன்முதலில் அதைப் பற்றிக் கேட்டபோது அத்தான் எனக்குப் போன் செய்தார். 'கனவுன்னு சொல்லிட்டேன்டா. இப்பதான் எழுந்து நடக்குறா. இது தெரிஞ்சா உடைஞ்சுடுவா' என்றார். நான் 'சரி' என்றேன். ஒரே சொல். மூன்று வருடம் அந்த ஒரு சொல்லில் காலம் ஓட்டினேன். உன் ஃபைலில் 'பிரமை' என்று படித்தபோதும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், நிறுத்தவில்லை.

நான் பழுது தேடுகிறவன். 68 தடவை ஏன் என்று கேட்டேன். மனநல மருத்துவர் 14, தூக்கம் 4, மூளை நரம்பு 3, காலி வரி 11. மொத்தம் 32. இந்த முப்பத்திரண்டுக்கும் காரணம் உன் உடம்பில் இல்லை. காரணம், நானும் அத்தானும் சொன்ன பொய். பதிவேட்டில் பழுதின் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுத வேண்டும்.

இத்துடன் குழுவுக்கு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். நடந்தது நடந்தபடி, தேதி, நேரம், கையெழுத்து. 'நோயாளி நினைவுகூர்ந்தது உண்மை' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ கேட்ட ஒரு பக்கமும் இருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். அது உன்னிடம் எதையோ கேட்கிற மாதிரி இருந்தது.

தம்பி

*

ஏப்ரல் 10, புதன்

தம்பி,

உன் தாள் வந்த அன்று, வாசல் படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். முதலில் என்ன தோன்றியது தெரியுமா? 'அப்பாடா.' வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் தோன்றியது. என் தலை சரியாக இருக்கிறது. சிவப்பு சிவப்புதான்.

கோபம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. வந்தபோது நன்றாகவே வந்தது. கடைக்குப் போய் அத்தான் முன்னால் தாளை வைத்தேன். ஒரு கிழவிக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும், 'சொல்லிட்டானா?' என்றார். அந்தக் கிழவி, 'ஏம்ப்பா, எனக்கு எல்லாம் மங்கலா தெரியுதே?' என்கிறாள். 'எனக்கு இப்பதான்மா தெளிவா தெரியுது' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம், என்ன நினைத்தாளோ. அத்தானோடு இன்று வரை தலையசைப்பு மட்டும்தான். நாலு நாள் கேட்டவர் என்பதால் சாப்பாடு மட்டும் போடுகிறேன்.

நேற்று குழு. மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா உன் ஒரு பக்கத்தைப் படித்தார், தனித் தாளையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'உங்களுக்கு இது எப்படி இருந்துச்சு?' என்று கேட்டார். மூன்று வருடத்தில் இத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நாலு வாக்கியம் சொன்னேன். ஐந்தாவது விசிலடித்தது. காத்திருந்தார்கள்.

அரை ஷிப்ட் கொடுத்திருக்கிறார்கள். காலை நேரம், குட்டி பஸ், ஆறு மாதம். அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். 'பிரமை' என்ற வரியை அந்த டாக்டரே திருத்திக் கொடுக்க வேண்டுமாம், அதற்கு 22ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை முதல் வண்டி.

உன் 32 தப்பு. தூக்கம் நாலும் உன்னால் இல்லை, மெஷின் அலாரம் இன்னும் காதில் அடிக்கிறது, அதனால். மனநல டாக்டரிடம் போன பதினாலில் ஐந்தோ ஆறோதான் உன் கணக்கு. மற்றதெல்லாம் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு. எல்லாவற்றையும் உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே, அதிலும் ஒரு பெருமை இருக்கிறது. எத்தனை தடவை போனேன் என்பது நீ எண்ணுவாய். ஒவ்வொரு தடவையும் எதற்குப் போனேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் பிழைக்க மாட்டேன் என்று நீ நினைத்தது என்னைச் சுடவில்லை. எல்லோரும் நினைத்தார்கள், நானே நினைத்தேன். பிழைத்து வந்தவளைப் பைத்தியம் என்று மற்றவர்கள் சொன்னபோது நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாய் பார், அதுதான் சுடுகிறது. இன்னும் சுடுகிறது. இப்போது அது சரியான ஆள் மேல் இருக்கிறது, அந்த ஒரு நிம்மதி.

போன் செய்யாதே. பேச மூச்சு இல்லை, திட்ட அதைவிட இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 15, திங்கள், காலை 7.05

அக்கா,

இந்நேரம் நீ வண்டி எடுத்திருப்பாய்.

உன் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். புதிய எண் போடவில்லை. அட்டவணைக் கோப்பை உனக்கே அனுப்புகிறேன், என்னிடம் நகல் இல்லை.

குழுவில் அந்த அம்மா கேட்ட கேள்வியை உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாலு கேள்வி கேட்டேனே, அதில் அது இல்லை. அதற்கு முந்தைய மூன்று வருடத்திலும் இல்லை.

இனி செய்யப்போவது:

1. 19ஆம் தேதியிலிருந்து பத்து நாள் லீவ் போட்டாயிற்று. மேலதிகாரி காரணம் கேட்டார், உள்ளதைச் சொன்னேன்.

2. 20ஆம் தேதி மதியம் உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன். போன் செய்யமாட்டேன். திறக்காவிட்டால் டிப்போ பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொள்வேன், மறுநாள் மறுபடி தட்டுவேன்.

3. அத்தானிடம் 'நீங்க கேட்ட நாலு நாளுக்கு நன்றி' என்று சொல்வேன். அன்று சொல்லியிருக்க வேண்டியது.

4. நான்காவது மாடிக்குப் போய் அந்தப் பெரிய சிஸ்டரைப் பார்ப்பேன். எந்தப் பிரிவு என்று வரவேற்பில் கேட்டால், காலியாக விடச் சொல்லாமல், 'இங்கே ஒரு தப்பு செய்தேன், அது நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும்' என்று சொல்வேன்.

5. 22ஆம் தேதி நீ அந்த டாக்டரிடம் போகும்போது, விட்டால் கூட வருவேன். வெளியே பெஞ்சில் உட்காருவேன். 'தம்பியைப் பற்றிய பிரமை' என்று யாராவது சத்தமாகப் படித்தால் எழுந்து நின்று, நான்தான் அந்தத் தம்பி, அது நடந்தது என்று சொல்வேன்.

6. பிறகு, உனக்கு மூச்சு இருக்கிற ஒரு நாளில், அது எப்படி இருந்தது என்று கேட்பேன். நாலு நாலு வாக்கியமாகச் சொல். நடுவில் பேசமாட்டேன்.